சத்தம் போட்டவரும் பேசாதிருந்தவரும்: திருகோணமலைத் தம்பதி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் கணவனும் மனைவியும் தனியொரு தம்பதியர் அல்லர். திருகோணமலையில் உளவளத்துணை நாடி வந்த சில குடும்பங்களின் விவரங்களைக் கலந்து, தொழில், வயது, ஊர், பிள்ளைகள் பற்றிய செய்திகளை மாற்றி எழுதியிருக்கிறேன். மாற்றாமல் வைத்திருப்பது ஒன்றைத்தான்: கோபம் எந்த வழியாகக் கசப்பாக மாறியது, அந்தக் கசப்பு யாரிடம் போய்த் தங்கியது என்பதை.

வந்த காரணம்

முதலில் தொலைபேசியில் பேசியவர் மனைவியின் அண்ணன். "தங்கச்சிக்குக் கோபம் மிகவும் கூடிவிட்டது. மச்சான் பாவம், வாயே திறப்பதில்லை. அவளுக்கு ஏதாவது சொல்லிக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்" என்றார். அந்த வாரம் மனைவி சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் எறிந்திருந்தார். அயலவர்கள் பார்த்திருந்தார்கள். அண்ணனை வரவழைத்தது அந்தப் பானைதான்.

இப்படித்தான் பெரும்பாலான அழைப்புகள் வரும். எங்கள் குடும்பங்களில் சத்தம் போடுபவர் நோயாளி. பேசாமல் இருப்பவர் பொறுமைசாலி. சத்தம் போடுவது பெண்ணாக இருந்தால் இந்தத் தீர்ப்பு இன்னும் விரைவாக வந்துவிடும். ஆண் கத்தினால் வேலைப்பளு என்பார்கள், வெயில் என்பார்கள், ஆளைத் தனியே விடுங்கள் என்பார்கள். பெண் கத்தினால் கோயிலில் நூல் கட்டுவார்கள், அல்லது எங்களிடம் அனுப்புவார்கள். அண்ணன் சொன்ன இன்னொரு விடயத்தை அவரே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: கணவர் நான்கு மாதங்களாக மனைவியோடு நேரடியாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எல்லாச் செய்தியும் மகள் வழியாகவே போய்வந்தது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்." "அம்மாவிடம் கேள், கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று." இரண்டும் ஒரே அறைக்குள் பேசப்பட்டவை.

பின்னணி

கணவர் நிலாவெளிக் கரையில் படகு வைத்திருப்பவர். சித்திரை கழிந்து கடல் அடங்கியதும் செப்டெம்பர் வரை சுற்றுலாப் பயணிகளைப் புறாத்தீவுக்கும் டொல்பின், திமிங்கிலம் பார்க்கவும் ஏற்றிச் செல்வார். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் விட்ட நாட்களில் மீன்பிடி. மனைவி அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். இருவரும் காதலித்து மணந்தவர்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு.

குடியிருக்கும் வீடு மனைவியின் தாயார் சீதனமாக எழுதிக் கொடுத்தது. கிழக்கில் இது வழமை: வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். நான் இந்த வழமையை மதிக்கிறேன். கணவனுக்குக் கோபம் வந்த இரவில் மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டிய நிலையை இது பல குடும்பங்களில் தடுத்திருக்கிறது. இந்த வீட்டிலோ அதே உறுதிப் பத்திரம் வேறொரு வேலையும் செய்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணவர் 2019இன் தொடக்கத்தில் லீசிங்கில் இரண்டாவது படகு எடுத்தார். ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். கிழக்குக் கரையின் பருவம் தொடங்க வேண்டிய நேரத்தில் வெளிநாட்டவர் முன்பதிவுகளை ரத்துச் செய்தார்கள். அடுத்த ஆண்டு கொரோனா. 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி வரை சுற்றுலாப் பயணிகளுக்கு விமான நிலையமே மூடிக் கிடந்தது. பிறகு 2022. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுபவர்களுக்கு அந்த இரவு எப்படி விடிந்திருக்கும் என்பதை இங்குள்ள எந்தக் கரையில் கேட்டாலும் சொல்வார்கள்.

இத்தனையையும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தம்பதியரின் கோபத்தை அவர்களுடைய குணத்திலிருந்து மட்டும் விளக்க முயன்றால் பாதிக் கதை விட்டுப்போகும். ஆனால் நாட்டின் நெருக்கடி மட்டுமே அவர்களைப் பிரித்தது என்பதும் சரியல்ல. குண்டுவெடிப்பு நடந்த அந்த ஏப்ரலில் மனைவி தன் சங்கிலியைத் தானே கழற்றிக் கணவரின் கையில் கொடுத்து, அடைவு வைக்கச் சொன்னவர். அப்போது இருவருக்கும் இடையில் கசப்பு எதுவும் இல்லை.

இரண்டு சம்பவங்கள்

2022இன் அந்த ஓகஸ்டில், லீசிங் தவணை இரண்டு மாதம் நிலுவையாகிவிட்ட நிலையில், மனைவி அலுவலகம் போயிருந்த ஒரு நாள் கணவர் அலுமாரியைத் திறந்து, காலஞ்சென்ற மாமியின் நான்கு காப்புகளை எடுத்துச் சென்று அடைவு வைத்தார். மொத்தம் ஐந்து பவுண். சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் மீட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று நினைத்தார். வட்டி ஏறியது, மீட்க முடியவில்லை, நகை ஏலத்தில் போய்விட்டது. அறிவித்தல் வந்ததைக்கூட அவர் மறைத்தார்.

மகள் பெரியவளானபோது சடங்குக்காக மனைவி அலுமாரியைத் திறந்தார். அம்மாவின் காப்பு இரண்டை மகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அன்றிரவு கணவரின் அக்காவும் அத்தானும் சடங்கு வேலைகளைப் பேச வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மனைவி கத்தினார். கள்ளன் என்றார். கடைசியாக, "என் வீட்டைவிட்டு வெளியே போங்கள்" என்றார்.

கணவர் போய்விட்டார். கரையில் உள்ள வாடியில், அதாவது மீனவர் குடிலில், படுத்தார். மறுநாள் வந்தார், சடங்கு நடந்தது, படங்களில் சிரித்தபடி நின்றார். அதன்பிறகு பேச்சு நின்றுபோனது. மனைவி முதல் மாதம் கத்தினார், இரண்டாவது மாதம் கெஞ்சினார், மூன்றாவது மாதம் மறுபடி கத்தினார். நான்காவது மாதத்தில் பானை முற்றத்துக்குப் போனது.

நாடித்துடிப்பு

இருவரையும் முதலில் தனித்தனியாகச் சந்தித்தேன். தம்பதி ஆலோசனையில் இது கட்டாயம். கோபம் என்று சொல்லிக்கொண்டு வருவதற்குள் அடி ஒளிந்திருக்கலாம். துணையைப் பார்த்துப் பயப்படும் ஒருவரை அந்தத் துணையின் முன்னாலேயே உட்கார வைத்து மனம் திறக்கச் சொல்வது ஆபத்து. அப்படியான இடத்தில் செய்ய வேண்டியது வேறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். மகளிர் உதவித் தொலைபேசி 1938. இந்தத் தம்பதியரிடம் அடி இல்லை, பயம் இல்லை. பானை எறியப்பட்டது முற்றத்தை நோக்கித்தான், ஆளை நோக்கி அல்ல. அதையும் இருவரிடமும் தனித்தனியே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சேர்ந்திருந்த முதல் அமர்வில் நான் கேட்ட கேள்வி, நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள் என்பது. அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மனின் குழுவினர் இந்தக் கேள்வியை ஓர் ஆய்வுக் கருவியாகவே பயன்படுத்தினார்கள். தம்பதியர் தங்கள் பழைய கதையைச் சொல்லும் விதம், அவர்களுடைய இன்றைய நிலையை நிறையவே காட்டிக்கொடுக்கும். கணவர், "ஞாபகமில்லை" என்றார். மனைவி சொன்னார்: நிலாவெளி பஸ்ஸில், இவர் எனக்கு இடம் பிடித்து வைப்பார், ஒரு நாள் தன்னுடைய டிக்கெட் காசையும் என்னிடமே வாங்கினார், "அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்." அந்த டிக்கெட் கதையை ஒரு காலத்தில் சிரித்துச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோபம் இன்றைய நாளோடு நிற்கும். கசப்பு பின்னால் போய்ப் பழைய நாட்களையும் திருத்தி எழுதும்.

மனைவி பேசப் பேசக் குரல் ஏறியது. கணவர் சுவரைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி மேசையில் இருந்தது. இருவரின் சம்மதத்தோடு மாட்டிப் பார்த்தேன். கத்திக்கொண்டிருந்த மனைவியின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 92. அசையாமல் இருந்த கணவருக்கு 114.

மனைவி அந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்தார். "இவர் கல்லு என்று நினைத்திருந்தேன்" என்றார்.

கொட்மனும் ரொபர்ட் லெவன்சனும் ஆய்வுக்கூடத்தில் தம்பதியரைப் பேசவிட்டு இதயத்துடிப்பை அளந்தபோது கண்டதும் இதுதான். முகத்தில் எதையும் காட்டாமல், பதில் சொல்லாமல் சுவராக மாறிவிடுபவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். அந்த மௌனத்துக்கு உள்ளே உடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். துடிப்பு நூறைத் தாண்டிய நிலையில் மற்றவர் சொல்வது காதில் விழும், புத்தியில் ஏறாது. சமாதானமாகச் சொன்ன சொல்லும் தாக்குதலாகவே கேட்கும். உடல் தணிய இருபது நிமிடமாவது வேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கணவருக்கு நல்ல சாட்டு ஒன்று கிடைத்திருக்கும்: பாவம், அவருக்கு உடம்பு தாங்கவில்லை, அதனால்தான் பேசவில்லை. ஒரு மணி நேரப் பேச்சின்மைக்கு அந்த விளக்கம் போதும். நான்கு மாதத்துக்குப் போதாது. தனியமர்வில் அவரிடம் நேரடியாகக் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "பேசாமல் இருந்தால் அவளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்" என்றார். இந்த நேர்மை எல்லோரிடமும் வருவதில்லை. இந்த வழக்கு முன்னேறியதற்குப் பெரிய காரணம் இந்த ஒரு வாக்கியம் என்றே நினைக்கிறேன்.

கடலிடம் இல்லாத கசப்பு

கணவரின் குடும்பம் 2004 டிசம்பர் 26 அன்று கடற்கோளில் படகு, வலை, வாடி எல்லாவற்றையும் இழந்தது. அதைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரலில் துக்கம் இருந்தது, கசப்பு இல்லை. மூன்றாம் மாதமே கடலுக்குப் போய்விட்டார். குண்டுவெடிப்பு, கொரோனா, மண்ணெண்ணெய் என்று அடுத்தடுத்து வந்தவற்றைப் பற்றியும் திட்டினார், அரசியல்வாதிகளைச் சபித்தார், பிறகு சிரித்தார். ஆனால் "என் வீட்டைவிட்டு" என்ற சொற்களைத் திருப்பிச் சொல்லும்போது அவருடைய வாய் கோணியது.

இழப்பின் அளவை வைத்துப் பார்த்தால் இது தலைகீழ். ஜெர்மன் மனநல மருத்துவர் மிக்காயேல் லிண்டன் 2003இல் இதைத் தனியொரு மனநிலையாக வரையறுத்தார். இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு வேலையையும் மதிப்பையும் இழந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் அவர் கண்டது வழக்கமான மனச்சோர்வோ, அதிர்ச்சிக்குப் பின்னான பயமோ அல்ல. தமக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற எண்ணம், அதைச் சரிசெய்ய வழியில்லை என்ற இயலாமை, அதை மறுபடி மறுபடி மனதில் ஓட்டிப் பார்ப்பது, உதவ வருபவரையும் தள்ளிவிடுவது. ஆபத்து வந்ததால் மனிதர் பயப்படுகிறார். நியாயம் மீறப்பட்டதால் கசந்துபோகிறார். இந்தக் கணவருக்கு அந்த நோய்ப் பெயரைச் சூட்ட நான் வரவில்லை, அவர் வேலை செய்தார், சாப்பிட்டார், நண்பர்களோடு சிரித்தார். ஆனால் கசப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு லிண்டனின் விளக்கம் கைகொடுக்கிறது. கடலுக்கு அவர்மேல் கடமை எதுவும் இல்லை. மனைவிக்கு உண்டு.

மனைவியின் பக்கமும் இதே கணக்குத்தான். படகுக்காகச் சங்கிலி போனதைப் பற்றி அவர் ஒருமுறைகூட முறையிடவில்லை. கேட்டுக் கொடுத்ததற்குக் கசப்பில்லை. கேட்காமல் எடுத்ததுதான் உறுத்தியது, அதைவிடவும் பதினாறு மாதம் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறைத்தது. "அந்தப் பதினாறு மாதமும் இவர் என்னோடு சிரித்ததெல்லாம் பொய்" என்றார்.

போர் நடந்த மாவட்டம் இது. எங்கள் துறையில் எந்தக் குடும்பப் பிரச்சினை வந்தாலும் அதைப் போரின் வடுவில் கொண்டுபோய்க் கட்டிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. பல வீடுகளில் அது உண்மை. இந்த வீட்டில் நான் தேடிப் பார்த்தேன், முடிச்சு அங்கே இல்லை. நான்கு காப்பும் ஒரு வாக்கியமுமே இவர்களைப் பிரித்தன.

நல்லதும் கெட்டதாகத் தெரிதல்

கசப்பு குடியேறிய வீட்டில் நல்ல செயல்களுக்கு மதிப்பில்லை. கணவர் ஒரு நாள் நல்ல பாரைமீன் கொண்டுவந்து குசினியில் வைத்தார். "மனச்சாட்சி குத்துகிறது, அதுதான்" என்று மனைவி மகளிடம் சொன்னார். மனைவி வாடிக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தனுப்பினார். "அயலவருக்குக் காட்டுவதற்கு" என்று கணவர் அதைத் திறக்காமல் நாய்க்கு வைத்தார். ரொபர்ட் வைஸ் என்ற ஆய்வாளர் 1980இல் இதைச் சுட்டிக்காட்டினார்: உறவைப் பற்றிய ஒட்டுமொத்த உணர்வு கெட்டுவிட்டால், துணை உண்மையில் என்ன செய்கிறார் என்பது அந்த உணர்வை மாற்றுவதில்லை, உணர்வுதான் செயலுக்குப் பொருள் கொடுக்கிறது. மகிழ்ச்சியற்ற தம்பதியர் துணையின் தவறுக்குக் குணத்தையும் நன்மைக்குச் சந்தர்ப்பத்தையும் காரணமாகக் காட்டுவார்கள் என்பதை அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் காட்டின. ஆகவே, "ஒருவருக்கொருவர் அன்பாக ஏதாவது செய்யுங்கள்" என்ற பொது அறிவுரை இந்தக் கட்டத்தில் வேலை செய்யாது. மீன் அழுகும், சோறு நாய்க்குப் போகும்.

உறவினர்கள் தந்த இன்னோர் அறிவுரை, மனதில் உள்ளதைக் கத்தித் தீர்த்துவிட வேண்டும் என்பது. பிராட் புஷ்மன் 2002இல் 600 மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்தபடி குத்துப்பையில் குத்தியவர்கள்தான் கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். மனைவிக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை. பானையை எறிந்த பிறகு கை நடுங்கியதே தவிர மனம் ஆறவில்லை என்று அவரே சொன்னார்.

உடம்பும் கணக்கு வைக்கிறது. ஜனிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு 2005இல் 42 தம்பதியரின் கைகளில் சிறு கொப்புளக் காயங்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்தது. பகைமையோடு பேசிக்கொண்ட தம்பதியரின் காயங்கள், மற்றவர்களுடையவை ஆறிய வேகத்தில் 60 வீத அளவிலேயே ஆறின. இந்த வீட்டில் உடம்பு காட்டிக்கொடுத்தது மகளிடம். பாடசாலை நாட்களில் வயிற்றுவலி, வைத்தியர் பார்த்ததில் ஒன்றுமில்லை. தூது போகும் பிள்ளை, ஒவ்வொரு செய்தியையும் கொஞ்சம் இனிப்பாக்கித்தான் சேர்த்திருக்கிறாள். "அம்மா கேட்கச் சொன்னா" என்பதற்கு முன்னால் ஒரு சிரிப்பைச் சேர்ப்பாளாம். தந்தை இதைச் சொன்னபோதுதான் முதன்முறையாக அழுதார்.

யார் துரத்துவது, யார் ஓடுவது

பெண் துரத்துவாள், ஆண் விலகுவான் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அன்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990இல் இதை நுணுக்கமாகப் பார்த்தார்கள். மனைவி மாற்றம் விரும்பும் விடயத்தைப் பேசியபோது அந்தக் கோலம் தெளிவாகத் தெரிந்தது. கணவன் மாற்றம் விரும்பும் விடயத்தைப் பேசியபோது அந்த வேறுபாடு மங்கிவிட்டது. அதாவது இதில் பெண் இயல்பு, ஆண் இயல்பு என்பதைவிட, யாருக்கு மாற்றம் வேண்டும், யாருக்கு இருக்கிறபடியே இருந்தால் வசதி என்பதுதான் அதிகம் பேசுகிறது.

இந்த வீட்டில் அதை நேரிலேயே பார்த்தேன். காப்பு பற்றிப் பேச்சு வந்தால் மனைவி துரத்தினார், கணவர் சுவரானார். வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் கணவரின் குரல் ஏறியது: பின்பக்கத்து இரண்டு அறையும் நான் கட்டியது, ஓடு நான் போட்டது, கிணறு நான் இறைத்துத் துப்புரவாக்கியது, பதினான்கு வருடமாக நான் யாருடைய வீட்டில் இருந்தேன்? அப்போது மனைவி கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். வீட்டில் இதே பேச்சு வந்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுவாராம். மௌனம் அவரிடமும் இருந்தது. அதை யாரும் கவனித்ததில்லை, அவர் போட்ட சத்தம் அதை மூடிவிட்டது.

இதற்குள் அண்ணன் ஒரு சட்டத்தரணியிடம் பேசியிருந்தார். இலங்கையின் பொதுத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு ஒருவர்மேல் குற்றம் நிறுவ வேண்டும். வேறொருவரோடு உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுச் செல்வது போன்றவை. கணவர் வாடியில் படுப்பது அண்ணனின் கண்ணில் சான்றாகிவிட்டது. எந்த நாள் வந்தார், எந்த நாள் வரவில்லை என்று குறித்து வைக்கும்படி தங்கையிடம் சொல்லியிருந்தார். மனைவியும் ஒரு கொப்பியில் குறித்து வந்தார். ஏற்கெனவே குற்றப் பட்டியல் போடும் மனத்துக்குச் சட்டமே பேனாவை எடுத்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று. அந்தக் கொப்பியை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கில்லை, தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதை எழுதிய பிறகு அன்றிரவு எப்படித் தூங்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

என்ன செய்தோம்

முதலில் மகளைத் தூதிலிருந்து விடுவித்தோம். பேச முடியாவிட்டால் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பலாம். பிள்ளையிடம் சொல்லி அனுப்பக் கூடாது. வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்கள். முதல் வாரக் குறுஞ்செய்திகள் தந்தி வாசகம்போல இருந்தன. பரவாயில்லை, அவை நேரடியாகப் போயின.

இரண்டாவது, விலகிப் போவதற்கு ஒரு விதி. கணவர் கொதித்தால் வெளியே போகலாம், ஆனால் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். வந்ததும் முதல் வார்த்தையை அவரே பேச வேண்டும். போவது தணிவதற்கா, தண்டிப்பதற்கா என்பதை அந்த மணிக்கணக்குக் காட்டிக்கொடுத்துவிடும். மனைவி அதுவரை பின்னால் போவதில்லை, தொலைபேசியில் அழைப்பதில்லை. அவருக்கு இது கணவரைவிடக் கடினமாக இருந்தது.

மூன்றாவதுதான் முக்கியம், அதில்தான் நீண்ட நாள் நின்றோம். மன்னிப்பு என்ற சொல்லை நான் அவசரப்பட்டு எடுக்கவில்லை. ஐந்து பவுண் போயிருக்கிறது. அதைப் பேசாமல் உணர்வை மட்டும் பேசுவது, கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவரைக் கட்டித் தழுவுவதைப் போன்றது. கணவர் ஒரு கணக்குப் புத்தகம் தொடங்கினார்: எந்தப் பருவத்தில் எவ்வளவு ஒதுக்குவது, தவணை போக மிச்சம் என்ன, இரண்டாவது படகு உண்மையில் உழைக்கிறதா. புத்தகம் மனைவியின் மேசையிலேயே இருந்தது. தொழிலின் வரவு செலவை அவர் மனைவிக்குக் காட்டியது அதுவே முதல்முறை. ஏன் இத்தனை நாள் காட்டவில்லை என்று கேட்டபோது, "அரச சம்பளம் எடுக்கிற ஆளிடம் நட்டக் கணக்கை எப்படிக் காட்டுவது?" என்றார். காப்பை மறைத்ததற்கு அடியில் இருந்த வெட்கம் அதுதான். வெட்கம் கோபமாகவும் கோபம் மௌனமாகவும் மாறி வெளியே வந்திருந்தது. கோபத்தைப் பிடித்து இழுத்தால் அதன் அடியில் பயமோ வெட்கமோ வலியோ வரும் என்பது லெஸ்லி கிறீன்பேர்க்கும் சூசன் ஜோன்சனும் 1980களில் வளர்த்தெடுத்த உணர்வுமைய சிகிச்சையின் அடிப்படை. எல்லா இடத்திலும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன், சில கோபங்கள் அடிமுதல் நுனிவரை கோபமேதான். இங்கே பொருந்தியது.

மனைவியின் வாக்கியத்துக்கு என்ன ஈடு? அவர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டிருந்தார், அறைக்குள். கணவர் ஏற்கவில்லை. "அக்காவுக்கு முன்னால் சொன்னதை அறைக்குள் திருப்பி எடுக்கிறாள்" என்றார். இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சபையில் நடந்த அவமானத்துக்குச் சபையில்தான் பரிகாரம். மனைவிக்கு மச்சாளின் முன்னால் தலைகுனிய மனமில்லை. காப்பை எடுத்தவரின் அக்காவிடம் நான் ஏன் போக வேண்டும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பல வாரம் இது நகரவில்லை.

நகர்த்தியது ஓர் எழுத்துப் பயிற்சி. ஈலை ஃபின்கலின் குழு 120 தம்பதியரிடம் இதைச் செய்து 2013இல் வெளியிட்டது: அண்மையில் நடந்த சண்டையை, இருவருக்கும் நன்மை விரும்பும் மூன்றாம் ஆள் ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்று ஏழு நிமிடம் எழுதுவது, நான்கு மாதத்துக்கு ஒருமுறை. எழுதிய தம்பதியரிடம் திருமண நிறைவின் சரிவு நின்றது, எழுதாதவர்களிடம் தொடர்ந்தது. கணவர் எழுத மறுத்துவிட்டார். மனைவி மூன்றாம் ஆளாகக் காலஞ்சென்ற தன் தாயைத் தெரிவு செய்தார். எழுதிக்கொண்டே போனவர் நடுவில் நிறுத்தி, "அம்மாவே தன் தாலிக்கொடியை அடைவு வைத்தவர்தான், அப்பாவுக்குத் தெரியாமல், எங்கள் டியூஷன் காசுக்கு" என்றார். பிறகு, "ஆனால் அம்மா மீட்டுவிட்டார்" என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டையும் எழுதச் சொன்னேன்.

அடுத்த தைப்பொங்கலுக்கு மச்சாள் குடும்பத்தை வீட்டுக்கு அழைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோர் முன்னிலையிலும், "இவர் செய்தது பிழை. ஆனால் அன்றைக்கு நான் சொன்னதும் பிழை, இது இவருடைய வீடும்தான்" என்று சொன்னார். உறுதியில் பெயர் மாற்றும் பேச்சு எழுந்தபோது நான் அதை ஊக்குவிக்கவில்லை. சொத்தைக் கொடுத்து வாங்கும் சமாதானத்துக்கு ஆயுள் குறைவு. பெண்ணுக்கு அந்தப் பத்திரம் தரும் பாதுகாப்பு, ஒரு சண்டையின் பேரில் விட்டுக்கொடுக்கக் கூடியதும் அல்ல.

இன்றைய நிலை

கணவர் வீட்டில் படுக்கிறார். பருவகாலத்தில் அதிகாலைப் பயணம் இருந்தால் மட்டும் வாடி. மகளின் வயிற்றுவலி குறைந்திருக்கிறது, முற்றாகப் போகவில்லை. ஒரு பருவச் சேமிப்பில் ஒரு காப்பு வாங்கினார்கள், எடை குறைந்தது. மனைவி அதை அணிந்துகொண்டுதான் அமர்வுக்கு வந்தார், ஆனால் "இது அம்மாவுடையதல்ல" என்று கணவரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவர் எழுந்து போகவில்லை. "தெரியும்" என்றார்.

இடையில் ஒரு சறுக்கலும் வந்தது. வாடைக்காலத்தில் வருமானம் நின்றபோது அவர் மறுபடி ஒன்பது நாள் பேசாமல் இருந்தார். இம்முறை மனைவி பானையை எறியவில்லை, குறுஞ்செய்தி அனுப்பினார்: மகளை அனுப்பமாட்டேன், நீங்களே வந்து சொல்லுங்கள். வந்தார், பத்தாம் நாள். அண்ணன் இன்னும் மச்சானோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த ஆய்வில் அது தீராத பகுதி.

கணவர் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டும்போது சுவாமி மலையில் காதலில் ஏமாந்து கடலில் குதித்த ஒல்லாந்துப் பெண்ணின் கதையைச் சொல்வாராம், அதற்கு நல்ல அன்பளிப்பும் கிடைக்குமாம். ஒருமுறை மனைவி அமர்வில் கேட்டார்: "குதிக்காமல் நான்கு மாதம் குசினியில் நின்ற பெண்ணின் கதையை யாருக்காவது சொல்லியிருக்கிறீர்களா?" கணவர் சிரித்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை, அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் வேண்டியிருந்தது. மீதி நேரம் முழுவதும் அதிலேயே போயிற்று.

இப்போது நடக்கும் வாக்குவாதம் இரண்டாவது படகைப் பற்றியது. கணக்குப் புத்தகத்தின்படி அது இரண்டு பருவமாக நட்டம். விற்றுவிட்டு லீசிங்கை முடிக்கலாம் என்கிறார் மனைவி. எஞ்சினை மாற்றினால் உழைக்கும் என்கிறார் கணவர். இருவரும் குரலை உயர்த்தித்தான் பேசுகிறார்கள். சித்திரைக்கு முன் முடிவெடுத்தாக வேண்டும் என்பதால், அடுத்த அமர்வுக்குப் படகு வாங்க வந்தவர் கேட்ட விலையையும் புதிய எஞ்சினின் விலையையும் எழுதிக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறேன்.